சின்ன மூச்சு

நோர்வேயில் பேர்கன் என்றொரு ஊர். அங்கே குடையில்லாமல் வெளியே போகிறவர் ஒன்றில் புதிதாக வந்தவர், இல்லையென்றால் பைத்தியக்காரர் என்பார்கள். அவ்வளவு மழை. அந்த ஊரில் ஏரம்பமூர்த்தி என்று ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது முப்பது வயது. இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. விடியுமுன் எழும்பிப் பேக்கரியில் மா பிசையப் போவார். மத்தியானம் திரும்பி வந்து, முழுகி, திருநீறு பூசி, வாத்தியத்தைக் கையில் எடுப்பார். அந்த ஊர்த் தமிழருக்குக் கலியாணமென்றாலும் கோயிலென்றாலும் அவரை விட்டால் ஆளில்லை.

அந்த வருடம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வித்துவான் கேதாரலிங்கத்தை அழைத்திருந்தார்கள். கேதாரலிங்கம் ஏரம்பமூர்த்தியின் குரு. செய்தியைச் சொல்லக் கோயில் தலைவர் பஞ்சாட்சரம் வீடு தேடி வந்தார்.

"உங்கட வீட்டிலதான் தங்கப்போறாராம். சந்தோசம்தானே, அண்ணை?"

"பின்ன?" என்றார் ஏரம்பமூர்த்தி.

பஞ்சாட்சரம் படியிறங்கிப் போனபிறகு, ஏரம்பமூர்த்தி போட்டு வைத்த தேத்தண்ணி ஆறும்வரை அதைப் பார்த்தபடி இருந்தார்.

மனைவி தவமலர் வந்து பக்கத்தில் இருந்தாள். "குரு வாறார் எண்டால் ஆரும் இப்பிடி முகத்தைத் தொங்கப் போடுவினமே?"

"அவர் என்னை வாசிக்கச் சொல்லுவார்."

"வாசியுங்கோவன்."

"வாசிச்சால் தெரிஞ்சு போயிடும்."

என்ன தெரிந்துபோகும் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

கேதாரலிங்கத்திடம் படித்த காலத்தில், அவர் மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காற்றுக்கு எதிரே நிறுத்துவார். "சத்தம் காத்தைத் தள்ளிக்கொண்டு போக வேணும். தேர்த் தெருவின்ர இந்தத் தலைப்பில நிண்டு ஊதினால், அந்தத் தலைப்பில படுத்திருக்கிறவன் பாயைச் சுருட்ட வேணும்" என்பார். ஏரம்பமூர்த்தியின் நெஞ்சு அப்படி ஊதிப் பழகிய நெஞ்சு.

அந்த நெஞ்சோடு பேர்கனுக்கு வந்தார். கிடைத்தது மாடிக் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. குடிவந்த கையோடு வாத்தியத்தை எடுத்தார். ராகம் ஒரு சுற்று முடியவில்லை, கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டுப் பெண். கலைந்த தலைமயிர், வெளிறிய முகம். அவள் சண்டைக்கு வந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். அவள் சண்டை பிடிக்கவில்லை.

"நான் ஆஸ்பத்திரியில் தாதி. எனக்கு இரவு வேலை. பகலில்தான் உறங்குவேன். தயவுசெய்து," என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவளின் உறக்கத்தைக் கெடுத்தால் அது பாவம். வாசிக்காமல் விட்டால் அது அதைவிடப் பெரிய பாவம். இரண்டுக்கும் நடுவில் ஏரம்பமூர்த்தி அகப்பட்டுக்கொண்டார்.

வாத்தியத்தின் விரிந்த வாய்க்குள் துணி அடைத்துப் பார்த்தார். சத்தம் விரல் துளைகளால் வந்தது. உடுப்பு அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஊதினார். தவமலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மலையேறிக் காட்டுக்குள் நின்று ஊதினார். மழையில் வாத்தியம் நனைந்தது, குளிரில் விரல் விறைத்தது. கடைசியில் கைவைக்க மிஞ்சியது மூச்சு ஒன்றுதான். அதைக் குறைக்கத் தொடங்கினார்.

மூச்சைக் குறைத்தால் நாதஸ்வரத்தில் சுருதி இறங்கிவிடும். எந்தப் பிள்ளைக்கும் முதல் நாள் தெரிகிற விசயம் அது. அதற்காக உதட்டில் வைக்கிற சீவாளியை மாற்றினார். நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டில் ஆக மெல்லியதாய்ப் பார்த்து எடுத்து, நெடுநேரம் ஊறவைத்து, இறுக்காமல் பிடிக்கப் பழகினார். அப்போதும் சுருதி இறங்கியது. வருடங்கள் போயின, இறங்கிக்கொண்டேதான் இருந்தது. பிறகு ஒரு பனிக்காலத்தில், ஏனென்று தெரியாமல், இறங்காமல் நின்றது.

கீழ்வீட்டுப் பெண் அதற்குப் பிறகு குரு வரும்வரை ஒரேயொரு தடவைதான் கதவைத் தட்டினாள். ஏரம்பமூர்த்தி காய்ச்சலில் கிடந்து எழும்பிய நேரம்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டாள்.

அவர் பதறிப்போனார். "உங்களுக்குக் கேட்கிறதா?"

"மெதுவாகக் கேட்கும். அதைக் கேட்டபடிதான் நான் உறங்குவேன்."

அவள் பெயர் மாரித். அன்றிலிருந்து படிக்கட்டில் கண்டால் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் கூசிக் குறுகிப்போவார். சுவாமியைப் பள்ளியெழுப்புகிற வாத்தியம். அது தன் கையில் வந்து ஒரு மனிசியை நித்திரையாக்குகிறதே என்று. கோயிலிலும் கதை அடிபட்டது. "ஏரம்பண்ணை ஊதினால் பக்கத்தில நிக்கிற தவில்காரனுக்கே கேக்காது." சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். கேட்கிறவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கேதாரலிங்கம் வந்து சேர்ந்தார். எழுபது வயது, ஒல்லி உடம்பு, கம்பளிச் சட்டைக்கு மேலே சால்வை. சன்னலைத் திறந்து வெளியே பார்த்தார்.

"நல்ல ஊர். தண்ணிக் கஸ்ரம் இருக்காது."

காலையில் பஞ்சாட்சரம் காரில் வந்து அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போவார். அங்கேதான் அவர் வாசித்துச் சாதகம் செய்வது. பின்னேரம் வீட்டுக்கு வருவார். சீடனுடைய வாத்தியம் உறைக்குள், அலமாரி மேலே கிடக்கும். அதைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

"பேக்கரியில இந்தக் கிழமை வேலை கூட, ஐயா," என்றார் ஏரம்பமூர்த்தி, தானாகவே.

"ஓ."

"கையெல்லாம் உளைவு."

"இருக்கும்."

குரு கேட்டிருந்தால்கூட அவ்வளவு கனத்திருக்காது.

செவ்வாய்க்கிழமை கேதாரலிங்கம் கோயிலுக்குப் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டு எழும்ப, கதவு தட்டுப்பட்டது. மாரித் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"உங்களுக்குச் சுகமில்லையா?" என்று ஏரம்பமூர்த்தியைக் கேட்டாள். "பல நாளாகச் சத்தமே இல்லை. எனக்குச் சரியான உறக்கமும் இல்லை."

உள்ளேயிருந்து கேதாரலிங்கம் எழுந்து வந்தார். "என்னவாம் பிள்ளை?"

சும்மா சுகம் விசாரிக்க வந்தவள் என்று ஏரம்பமூர்த்தி சொன்னால் முடிந்தது காரியம். குருவுக்கு நோர்வே மொழி தெரியாது. குசினி வாசலில் தவமலர் கையில் கோப்பையோடு கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ கீழ்வீட்டில இருக்கிறவ, ஐயா. இரவு வேலைக்குப் போறவ. நான் வாசிக்காட்டி இவவுக்கு நித்திரை வராதாம்."

"வாசிச்சாலோ?"

"வாசிச்சால் நித்திரையாயிடுவா."

சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். கேதாரலிங்கம் சீடனைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"பேர் என்ன?"

"மாரித்."

"மாரியோ? நல்ல பேர். பிள்ளையைப் போய்ப் படுக்கச் சொல்லு. நீ வாத்தியத்தை எடு."

இனித் தப்ப வழியில்லை. ஏரம்பமூர்த்தி உறையைக் கழற்றினார். சீவாளியை வாயில் ஊறவைத்தார். பெரிதாக ஊதிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கீழே அவள் படுக்கப்போகிறாள். கண்ணை மூடிக்கொண்டு, தினமும் வாசிக்கிறபடி வாசித்தார்.

சகானா ராகம். சன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது. மழையின் சத்தமும் கேட்டது, நாதஸ்வரமும் கேட்டது. ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. குசினியில் தவமலர் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

வாசித்து முடித்தார். கீழ்வீட்டில் சன்னல் திரையை இழுத்து மூடுகிற சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"ஐயா."

"ம்."

"நான் இந்த வாத்தியத்தைக் கெடுத்துப்போட்டனோ?"

கேதாரலிங்கம் கையை நீட்டினார். "உன்ர சீவாளி ஒண்டு தா."

அதைத் தன் வாத்தியத்தில் பொருத்தி, மூச்சை அடக்கி, மெல்ல ஊதினார். சுரம் எழும்பிப் பாதியில் வழுக்கி விழுந்தது. ஆட்டுக்குட்டி கத்தியது போல இருந்தது. தவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் திரும்ப ஊதினார். திரும்பவும் ஆட்டுக்குட்டி. இன்னொரு முறை ஊத, வெறும் காற்றுத்தான் வந்தது.

"அட!" என்றார் கேதாரலிங்கம். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "சுருதி இறங்குது."

"ஓம், ஐயா. இறங்கும்."

"உனக்கு இறங்கேல்லையே."

"எனக்கும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது."

"எவ்வளவு காலம்?"

"கன காலம்."

கிழவர் வாத்தியத்தை மடியில் கிடத்தினார். "சரி. சொல்லித் தா."

ஏரம்பமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆர், நானோ? உங்களுக்கோ?"

"இந்த வீட்டில இதைத் தெரிஞ்சவை வேற ஆர் இருக்கினம்?"

"ஐயா, தெருவின்ர அந்தத் தலைப்புக்குக் கேக்க வேணும் எண்டு நீங்கள்தானே எங்களைக் கடற்கரையில நிப்பாட்டி வைச்சனீங்கள்?"

"ஓம். என்னை என்ர அப்பா நிப்பாட்டி வைச்சவர். அவரை அவற்ர அப்பா."

"அதுதானே, ஐயா."

"என்ர பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்தாள். வள்ளத்தில யாழ்ப்பாணம் வந்தவர். தஞ்சாவூரில அவர் வாசிச்சது கல் மண்டபத்தில. ஊதின சத்தத்தைக் கல்லு வாங்கித் திருப்பித் தரும். எங்கட ஊரில என்ன இருந்தது? மணல் ஒழுங்கை, கிடுகு வேலி, பனங்காணி. சத்தம் போனால் போனதுதான்."

"பிறகு?"

"பிறகென்ன, கடற்கரைக்குப் போய்க் காத்துக்கு எதிரா ஊதிப் பழகினார். கன காலம்." கேதாரலிங்கம் சால்வையால் வாயைத் துடைத்தார். "ஒருக்கா தஞ்சாவூருக்குப் போய்த் தன்ர தமையனுக்கு வாசிச்சுக் காட்டினாராம். தமையன் காதைப் பொத்திக்கொண்டு, 'அங்க நீங்கள் நாதஸ்வரம் வாசிக்கிறதில்லையோ, கூப்பாடுதான் போடுறியளோ' எண்டு கேட்டவராம்."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வள்ளமேறித் திரும்பி வந்து, என்ர அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தார்."

ஏரம்பமூர்த்திக்குக் கேட்க வேறு ஏதோ இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தரையில் உட்காரப் போனார். அதற்கு முன்னே கேதாரலிங்கம் கதிரையை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் கொட்டிவிட்டார்.

"சொல்லு. சீவாளியை எவ்வளவு இறுக்க வேணும்?"

"இறுக்கவே கூடாது, ஐயா," என்றார் ஏரம்பமூர்த்தி. "வாயில கற்கண்டை வைச்சுக்கொண்டு கடிக்காமல் இருக்கிற மாதிரி."

"கடிக்காமல் இருக்கிறதோ? அது கஸ்ரம்தான்," என்றார் குரு.

அன்று விளக்கு வைக்கிற நேரம்வரை அந்த வீட்டில் ஆட்டுக்குட்டி, கீழ்வீட்டாள் எழும்பாத அளவுக்கு மெல்ல, கத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை தேர். நல்ல காலம், மழை வெளித்திருந்தது. வெள்ளைக்காரரும் தமிழருமாய் வீதி நிறைந்த சனம். கேதாரலிங்கத்துக்குப் பக்கத்தில் ஏரம்பமூர்த்தி நின்றார். குரு எடுத்த எடுப்பில் மேல்மாடிச் சன்னல்கள் திறந்தன. கிழவரின் நெஞ்சு அப்படியே இருந்தது. சீடன் தானும் முழு மூச்சைத் தள்ளினார். முதல் வீதி எப்படியோ போயிற்று. இரண்டாம் வீதி திரும்பும்போது நெஞ்சு அடைத்தது. மேல் சுரத்தைப் பிடிக்கப் போய்ச் சத்தம் கிழிந்தது. வடம் பிடித்தவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

பஞ்சாட்சரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அண்ணை, நீங்கள் கொஞ்சம் இளைப்பாறுங்கோவன். ஐயா பாத்துக்கொள்ளுவார்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஏரம்பமூர்த்தி வாத்தியத்தை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்ச வீதியெல்லாம் தேருக்குப் பின்னால் நடந்தார். கேதாரலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்தது என்ன என்று சீடன் யோசித்தபடி நடந்தார். வயதுபோன மனிதர், தங்கியிருக்கிற வீட்டில், சீடனுடைய மனம் நோகாமல் இருக்க ஒரு விளையாட்டுக் காட்டினாரோ?

வீட்டுக்கு வந்ததும் பேச்சை எடுத்தார்.

"ஐயா, தேருக்கு என்னால ஏலாமல் போச்சு."

"பாத்தனான்."

"வெக்கமாக் கிடக்கு."

"தேருக்குத்தான் நான் வந்திருக்கிறன் எல்லோ?" என்றார் கேதாரலிங்கம். பிறகு, "சாப்பாடு போடு, பிள்ளை" என்று தவமலரைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் தீர்த்தம். திங்கட்கிழமை பூங்காவனம். பின்னேரம் அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்கள். அந்தக் கோயில் ஒரு காலத்தில் மீன் கிடங்காக இருந்த கட்டடம். உயர்ந்த கூரை, நீண்ட மண்டபம். சன்னல்களால் கோடை வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பூவும் மாவிலையும் கட்டிய ஊஞ்சலில் அம்மன் எழுந்தருளியாயிற்று. ஐயர் கையைக் காட்டினார். சனம் சளசளவென்று கதைத்தபடி நின்றது.

கேதாரலிங்கம் தன் வாத்தியத்தை உறைக்குள் போட்டார்.

"ஊஞ்சலுக்கு ஏரம்பு வாசிப்பான்."

ஏரம்பமூர்த்தி அவரைப் பார்த்தார். பஞ்சாட்சரம் விரைந்து வந்து குருவின் காதில் குனிந்தார். அவர் மெல்லத்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்டது.

"ஐயா, சனம் நிறைய. அண்ணை வாசிச்சால் பின்னுக்கு நிக்கிறவைக்குக் கேக்காது."

"கேக்காட்டி முன்னுக்கு வரட்டும்," என்றார் கேதாரலிங்கம்.

ஏரம்பமூர்த்தி சீவாளியை உதட்டில் வைத்தார். மூச்சைக் கூட்டுவதா என்ற யோசனை வந்தது. குருவின் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் எதையோ கடிக்காமல் வைத்திருப்பவர் போல இருந்தார். சீடனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் நெஞ்சு இளகியது. சின்ன மூச்சாகவே எடுத்தார்.

தவில்காரர் குச்சியை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினார். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மற்றக் கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார். வெறும் விரல் நுனியால் தோலைத் தொட்டார்.

முன்வரிசையில் பேச்சு நின்றது. பிறகு அதற்குப் பின்னால். கடைசியில் நின்றவர்கள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டு அடி முன்னால் வந்தார்கள். பிறகும் வந்தார்கள். நாதஸ்வரம் தொடங்கினால் காதைத் தேய்த்துக்கொண்டு விலகி நிற்கிற சனம், ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு நெருங்கி வந்தது. ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவது கேட்டது. பூவொன்று உதிர்ந்து விழுந்தது. அம்மன் முன்னும் பின்னும் ஆடினாள்.

கேட்கிறதோ இல்லையோ என்று ஏரம்பமூர்த்தி யோசிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அப்படி யோசிக்காமல் அவர் வாசித்தது அன்றுதான். உள்ளே எங்கோ, இத்தனை வருடமாக இறுகிக் கிடந்த ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

தீபாராதனை முடிந்தது. தவமலர் ஒரு தூணோடு சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்தாள்.

பஞ்சாட்சரம் கைகூப்பியபடி கேதாரலிங்கத்திடம் வந்தார்.

"ஐயா, நான் சின்ன வயசிலயிருந்து மேளம் கேக்கிறனான். இப்பிடி ஒரு வாசிப்புக் கேட்டதில்லை. இது உங்கட பரம்பரை வாசிப்போ?"

ஏரம்பமூர்த்தி வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"ஓம்," என்றார் கேதாரலிங்கம். "எங்கட பரம்பரைதான்."

"எத்தினை தலைமுறையா வருது, ஐயா?"

கிழவர் கணக்குப் பார்க்கிறவர் போல விரலை மடக்கினார்.

"போன செவ்வாய்க்கிழமையிலயிருந்து," என்றார்.